கொடுக்காத மூன்று நிமிடம்

என் சகலையைப் பற்றி யாராவது நல்லதாகச் சொன்னால் எனக்குக் காதில் புகை வரும். இதை ஒளித்து வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட ஆறு வயது சின்னவன். முகத்துக்கு நேரே, "வாங்க சகலை, உக்காருங்க" என்பேன். மனதுக்குள் 'வந்துட்டான்' என்று ஓடும்.

எனக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் தொழில். கடைத்தெருவின் கோடியில் எட்டடிக்குப் பன்னிரண்டடி கடை. யார் பட்டம் வாங்கினாலும், யார் கையால் யார் விருது வாங்கினாலும், அது என் மேஜைக்கு வந்துவிட்டுத்தான் சுவருக்குப் போகும். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் பெருமைக்குக் கண்ணாடி துடைப்பவனுக்கு வயிற்றெரிச்சல் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். அதிலும் சகலைக்கு மட்டும் ஏழு படம் போட்டிருக்கிறேன். ரத்த தான முகாமில் ஒன்று, புதுக் கட்டடம் திறந்தபோது ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி கொடுத்தபோது ஒன்று, இப்படியே போகும். எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு.

அவன் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறான். எங்கள் ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரில். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காகக் காலை ஆறு மணிக்கே திறந்துவிடுவான். என் மனைவிக்கு அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. கட்டில் விரிப்புகளையும் அறுவைக்கூடத் துணிகளையும் சூட்டு உருளையில் விட்டு எடுத்து மடித்து அடுக்க வேண்டும். ஆறரைக்கு உள்ளே இருந்தாக வேண்டும். ஐந்து ஐம்பதுக்கு ஒரு பஸ் உண்டு. அது தனக்குத் தோன்றியபோது வரும் என்பதால் நாங்கள் ஐந்து முப்பத்தைந்துக்கே நிறுத்தத்துக்குப் போய்விடுவோம். சந்தில் விளக்கு இல்லை, நாய்த் தொல்லை வேறு. அதனால் நானும் கூடப் போவேன். பதினோரு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை.

அங்கே நின்று என்ன செய்வோம்? சண்டை போடுவோம். குழாய் ஒழுகுவதை நான் இன்னும் சரி செய்யவில்லை என்று அவள் ஆரம்பிப்பாள். மழையானால் என் பக்கம் குடை அதிகமா அவள் பக்கம் அதிகமா என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். பஸ் வரும், ஏறுவாள், நான் திரும்பி வந்து டீ போட்டுக் குடிப்பேன். இதைப் பெரிதாக நான் நினைத்ததே இல்லை.

சகலை எத்தனையோ முறை கேட்டுவிட்டான். "அண்ணே, நான் தினமும் அந்த வழியாத்தானே போறேன். அக்காவ ஏத்திக்கிட்டுப் போறேன். நீங்களும் சும்மா நிம்மதியா தூங்கலாம்" என்பான். அந்தச் 'சும்மா'தான் எனக்கு ஆகாது. பஸ் இருக்கிறது, பரவாயில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவேன். ஒரே ஒரு தடவை, பஸ் பழுதாகி நின்ற நாளில், அவள் அவன் காரில் வந்தாள். அதற்கப்புறம் இரண்டு நாள் வீட்டில் அந்தக் காரின் பேச்சுதான். கதவைச் சாத்தினால் சத்தமே கேட்பதில்லையாம். குளிர் வேண்டுமா என்று கேட்டானாம். நான் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் எழுந்து போனேன். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த ஜன்மத்தில் என் பெண்டாட்டி அந்த வண்டியில் தினமும் ஏறி இறங்கி நன்றி சொல்லப் போவதில்லை என்று.

அப்படியிருக்கும்போதுதான் வட்டார மன்றத்தின் அறிவிப்பு வந்தது. போக்குவரத்து நஷ்டத்தில் ஓடுகிறது, பதினோரு தடங்களை நிறுத்தப் போகிறோம், விற்பனை வரியை நூற்றுக்கு அரை கூட்ட மக்கள் சம்மதித்தால் பதினொன்றும் தொடரும், புது பஸ்ஸும் வரும் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். நிறுத்தப்போகும் பட்டியலில் முதல் வரியே எங்கள் ஐந்து ஐம்பது. மன்றத்தில் ஒன்பது உறுப்பினர்கள். பொதுமக்கள் கருத்தைக் கேட்டுவிட்டு அன்று மாலையே கை தூக்கி முடிவு செய்வார்கள் என்று போட்டிருந்தது.

என் மனைவி அந்தச் சுவரொட்டியைப் படித்துவிட்டு வந்து, "நீங்க போய்ப் பேசுங்க. மேடை ஏறிப் பேச எனக்கு நாக்கு வராது. உங்களுக்குத்தான் வாய் நீளமாச்சே" என்றாள். வேலையை விட்டு நின்றால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் தலைமைப் பதவி வரும் என்று காத்திருப்பவள் அவள். அது போய்விடும், இல்லையென்றால் சகலையின் கார். இரண்டுமே எனக்கு ஆகாது. அன்றைக்கே போய்ப் பெயரைக் கொடுத்தேன். முப்பத்தொன்று என்று எழுதிய டோக்கன் ஒன்று தந்தார்கள்.

மன்றக் கூடத்தில் அன்று நிற்க இடமில்லை. நீள மேஜைக்குப் பின்னால் ஒன்பது பேர், நடுவில் தலைவர், அவர் கையருகில் ஒரு மணி. சுவர் நெடுக முன்னாள் தலைவர்களின் படங்கள். தொழில் புத்தி, உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தேன். மூன்றாவது படம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. தலைவர் விதியைப் படித்தார். ஆளுக்கு மூன்று நிமிடம். மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும். யாருக்காவது நேரம் போதவில்லை என்றால், இன்னும் பேசாத ஒருவர் தன் டோக்கனைத் தூக்கிக் காட்டி அவருடைய மூன்று நிமிடத்தை விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுத்தவர் பிறகு பேச முடியாது.

மேஜை நாற்காலிக் கடை முதலாளி எழுந்து, பஸ்ஸெல்லாம் காற்றை ஏற்றிக்கொண்டு போகிறது, காற்றுக்கு டிக்கெட் எடுக்க நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டார். கூடம் சிரித்தது. ஒரு நர்ஸ் எழுந்து, அந்தக் காற்றில்தான் நான் தினமும் நின்றுகொண்டே போகிறேன் என்றார். அதற்கும் சிரித்தது. விலை ஏறினால் ஜனங்கள் அடுத்த வட்டாரத்துக்குப் போய்ச் சாமான் வாங்குவார்கள் என்றார் ஒருவர். எதில் ஏறிப் போவார்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. யார் பக்கம் கை அதிகம் தட்டுகிறார்கள் என்று சொல்ல முடியாதபடி இழுபறியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது பேரில் நாலு பேர் வேண்டும் என்பவர்கள், நாலு பேர் வேண்டாம் என்பவர்கள் என்பது ஊருக்கே தெரியும். எந்தப் பக்கமும் சேராதவர் ஓய்வு பெற்ற டீச்சரம்மா. அவர் மட்டும் தலை நிமிராமல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

முப்பதாவதாக யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? என் சகலையை.

அவன் பெயர் கொடுத்திருப்பது எனக்குத் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது என்று அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. ஆனால் அவள் முகம் மலர்ந்தது. நான் அதையும் பார்த்தேன்.

கஞ்சி போட்ட சட்டை, கையில் மூன்று தாள். "நான் பஸ்ல போறவன் இல்ல. இந்த வரி வந்தா எனக்கு லாபம் எதுவும் இல்ல" என்று ஆரம்பித்தான். கூடம் அமைதியானது. முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களைப் பற்றிச் சொன்னான். பஸ் பிந்தினால் சர்க்கரை குறைந்து தன் வாசற்படியிலேயே மயங்கி விழுகிறவர்களைப் பற்றிச் சொன்னான். போன மாதம் அப்படி விழுந்த ஒரு பெரியவருக்குத் தான் பிஸ்கட் ஊட்டியதைச் சொன்னபோது டீச்சரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அது என் பஸ். என் பெண்டாட்டி போகிற பஸ். அதைக்கூட இவன் எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு நிற்கிறானே என்று உள்ளே எரிந்தது. பதினோரு வருடம் பனியிலும் மழையிலும் நின்றவன் நான், கைதட்டு அவனுக்கு.

இரண்டாம் தாளை மடித்துவிட்டு மூன்றாவதை எடுத்தான். மணி அடித்தது.

"இன்னும் ஒரு பக்கம் இருக்குங்க. அதுதான் முக்கியமானது" என்றான்.

தலைவர் விதியைச் சொன்னார். பேசாதவர்களில் யாராவது நேரம் கொடுக்கிறீர்களா என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டார். மீதி இருந்தது ஐந்து பேர். அதில் நாலு பேர் நாற்காலிக் கடை முதலாளியின் ஆட்கள். ஐந்தாவது நான்.

என் மனைவி என் கையில் இருந்த டோக்கனைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சகலையும் நேராக என்னைத்தான் பார்த்தான். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவன் என்னிடம் ஒன்றைக் கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை. கொடுத்திருக்கலாம். கையைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் சாய்ந்திருந்த அந்த மூன்றாவது படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணி தளர்ந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தலைவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு நன்றி சொன்னார். சகலை மூன்றாவது தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினான். அடுத்து முப்பத்தொன்று.

என் கையிலும் நாலு வரி இருந்தது, ஆர்டர் சீட்டின் பின்னால் எழுதியது. பஸ் வேண்டும், வரியைப் போடுங்கள், அவ்வளவுதான் அதன் சாரம். ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றதும் அந்த நாலு வரியும் அவன் பேச்சுக்குப் பின்னால் பிச்சைக்காரத்தனமாகத் தெரிந்தது. அவன் சொன்னதையே நானும் சொல்ல வேண்டுமா? சீட்டை மடித்தேன். வாய் தானாகத் திறந்தது.

"கார் வெச்சிருக்கிறவங்க பஸ்ஸுக்காகப் பேசறது சுலபங்க. பஸ்ஸ நம்பி வாழறவன் நான். எங்க பேரச் சொல்லி நீங்க ஊரெல்லாம் வரி போட வேண்டாம். யாரோட தயவுலயும் நாங்க போக வேண்டியதில்ல."

பின் வரிசையிலிருந்து கைதட்டல் வந்தது. நாற்காலிக் கடை முதலாளி எழுந்து நின்றே தட்டினார். எனக்காக இத்தனை பேர் கை தட்டி நான் கேட்டதே இல்லை. மற்றவர்கள் வாங்கிய கைதட்டலுக்குத்தான் இத்தனை வருடம் கண்ணாடி வெட்டினேன். காது சூடாகிவிட்டது. அது எந்தப் பக்கத்துக் கைதட்டல் என்று ஒரு கணம் நின்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. இன்னும் வேண்டும் போலிருந்தது.

"பஸ் இல்லேன்னா என்ன? நாங்க எப்படியாவது போய்க்குவோம்" என்றேன்.

கூடம் அதிர்ந்தது. மணி அடிப்பதற்கு ஒன்றரை நிமிடம் மீதி இருக்கும்போதே ராஜா மாதிரி இறங்கி வந்தேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் இரண்டு கையும் கோத்திருந்தது. அந்த விரல்களைப் பார்த்ததும்தான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்தது.

கை தூக்கும் நேரம் வந்தது. நாலுக்கு நாலு. டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசி வரை தனக்கு இரண்டு மனசாக இருந்தது, ஆனால் அந்த பஸ்ஸில் போகிற குடும்பத்துக்காரரே எங்கள் பேரில் வரி வேண்டாம், எப்படியாவது போய்க்கொள்வோம் என்று சொல்லும்போது அதை மதிக்காமல் இருக்க முடியவில்லை என்றார். நாலுக்கு ஐந்தில் வரி தோற்றது.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். கதவைத் திறக்கும்போது அவள் சொன்னாள்.

"அந்த மூணு நிமிஷத்த அவருக்குக் குடுத்திருக்கலாம்."

அவ்வளவுதான். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஒரு மாதிரி தீர்ந்திருக்கும்.

ஒன்றாம் தேதியிலிருந்து பஸ் நின்றது. அன்று காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. ஹார்ன்கூட அடிக்கவில்லை, அவ்வளவு மரியாதை. என் மனைவி பின் சீட்டில் ஏறினாள். மதியமும் அவனே சாப்பிட வரும்போது கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். எனக்கு எந்த வேலையும் இல்லை, சும்மா தூங்கலாம். ஆனால் ஐந்து மணிக்குத் தூக்கம் கலைந்துவிடும். மொட்டு மொட்டென்று கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். வீட்டில் அவள் என்னோடு பேசாமல் இல்லை, பேசினாள். அரிசி தீர்ந்துவிட்டது, மின் கட்டணம் வந்திருக்கிறது, இப்படி. ஒழுகும் குழாயை நானே சரி செய்துவிட்டேன். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. காரில் இவர்கள் என்ன பேசிக்கொண்டு போவார்கள் என்று நினைத்து நினைத்து எனக்குக் கண்ணாடி வெட்டும்போது கை தவறியது. ஒரே வாரத்தில் மூன்று கண்ணாடி போச்சு.

இரண்டாவது வாரம் மச்சினி கடைக்கு வந்தாள். எட்டாவது படம். சகலை ஒலிபெருக்கி முன்னால் நிற்கிற, பத்திரிகையில் வந்த படம். "இதுக்கு நல்ல சட்டமா போடுங்க மாமா" என்றாள். கூடவே அந்த மூன்று தாளையும் கொடுத்தாள். துவைக்கப் போட்ட சட்டையில் இருந்ததாம். படத்துக்குப் பின்னால் அட்டைக்குள் வைத்துவிடச் சொன்னாள், தொலையாமல் இருக்கட்டும் என்று. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நான் எங்கே படித்தேன், எனக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

அவள் தெருவைத் தாண்டும் வரை காத்திருந்துவிட்டு மூன்றாவது தாளைப் பிரித்தேன். நான் படிக்கப் பழகியதே இதற்குத்தானோ என்கிற அவசரம்.

'கடைசியாக ஒன்று. இது என் சொந்த விஷயம். தினமும் காலையில் நான் காரில் போகும்போது பஸ் நிறுத்தத்தில் ஒரு கணவரும் மனைவியும் நிற்பார்கள். இருவரும் என் சொந்தக்காரர்கள். வண்டியை மெதுவாக்குவேன். அவர்கள் என்னைக் கவனித்ததே இல்லை, அவ்வளவு மும்முரமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பல நாள் அது சண்டை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பஸ் வந்ததும் அந்த அம்மா ஏறி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஜன்னல் வழியாகத் தொடர்வார். கணவர் பஸ்ஸோடு நாலடி நடந்து பதில் சொல்வார். அந்த அம்மா சிரிப்பார். என் வண்டியில் பாட்டு இருக்கிறது, குளிர் இருக்கிறது, பேச ஆள் இல்லை. நான் கிளம்பும்போது எங்கள் வீட்டில் யாரும் விழித்திருப்பதில்லை. அவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வண்டியில் ஏறச் சொல்லிப் பல தடவை கேட்டிருக்கிறேன். உதவி என்று சொன்னேன். அந்தப் பேச்சு என் வண்டிக்குள்ளும் கொஞ்சம் நடக்காதா என்கிற ஆசைதான். அண்ணன் மறுத்துவிட்டார், அது சரிதான். அந்தப் பதினைந்து நிமிடத்தை அவர்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். அதற்காக எவ்வளவு வரி போட்டாலும் என் பங்கைக் கட்டுகிறேன்.'

முதலில் வந்தது சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன். அவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான்! கடைக்கு வெளியே போய் யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. எழுந்து வாசல் வரைக்கும் போனேன். அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அவன் பொறாமைப்பட்ட அந்தப் பதினைந்து நிமிடம் இப்போது என்னிடம் இல்லை. இருந்தபோது அது இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அவள் சிரிப்பாளாமே. ஜன்னலில் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள், நான் பதில் சொல்லும் மும்முரத்தில் கவனிக்கவில்லை. பொறாமைப்படுவதில்கூட அவன் என்னை முந்திவிட்டான். நான் உள்ளுக்குள் வைத்துப் புழுங்கியதை அவன் தாளில் எழுதி, நூறு பேர் முன்னால் படிக்க வந்திருக்கிறான். அதைப் படிக்க விடாமல் நான் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டேன். கடையிலேயே நல்ல மரம் அது, யாருக்கும் எடுக்காமல் வைத்திருந்தது. இரண்டு தாளைப் பின்னால் வைத்து அட்டையை மூடினேன். மூன்றாவதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். விளக்கடியில் நின்று படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

"பாவம், கார்ல ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டார் தெரியுமா" என்றாள். "நானும் பேசறதில்ல. என்னத்தப் பேச?"

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் கார் வந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு குடையோடு கீழே இறங்கினேன். அவள் பின் கதவைத் திறந்து ஏறினாள். நான் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சகலை திரும்பிப் பார்த்தான்.

"நானும் வர்றேன் சகலை. வண்டிய எடுங்க" என்றேன்.

"எங்கண்ணே? நான் மதியம்தானே திரும்புவேன். நீங்க எப்படித் திரும்பி வருவீங்க?"

"எப்படியாவது" என்றேன்.

என் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், குழாய் மறுபடியும் ஒழுகுகிறது என்றாள். ஒழுகவில்லை, நான் கிளம்பும்போது பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை. முன்னால் சகலை டிரைவர் மாதிரி தனியாக உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்தான். பழைய பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது கையை நீட்டிப் பாட்டை அணைத்தான்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே கார் போக விடமாட்டார்கள். அங்கிருந்து சலவைப் பிரிவுக்கு முந்நூறு அடி. இறங்கிக் குடையை விரித்தேன். என் பக்கம்தான் அதிகம் என்றாள். நாங்கள் மெதுவாகத்தான் நடந்தோம். பின்னால் கார் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்திருப்பான். பார்க்கட்டும், நன்றாக வயிறு எரியட்டும்.

அவளை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பினேன். கடை திறக்க ஒன்பது மணி ஆகும், நடக்க ஒன்பது கிலோமீட்டர் இருந்தது.